கைம்பெண்களையும் தந்தையற்ற பிள்ளைகளையும் தாங்கும் சபை நிதி: கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கான முழுமையான வழிகாட்டி

குடும்பத் தலைவர் ஒருவர் இறந்த பிறகு நம் சபைகள் செய்யும் உதவி பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான் திரண்டு வருகிறது: ஒன்று அடக்க ஆராதனையின்போது, மற்றொன்று கிறிஸ்துமஸுக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் அந்த வீடு உண்மையில் தள்ளாடுகிறது. வாடகை பாக்கி ஏறுகிறது. மோட்டார் சைக்கிள் தவணை நிற்கிறது. பள்ளி வேன்காரர் கணக்குக் கேட்கிறார். சட்டப்படி அந்தத் தாய்க்கு வர வேண்டிய பணமும் அதே மாதங்களில்தான், விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளில்லாமல், காலக்கெடுவைத் தாண்டிப் போகிறது. செந்தூல், பூடு, பிரிக்பீல்ட்ஸ், பந்தாய் டாலாம் என எந்த வட்டாரத்துச் சபையானாலும், கைம்பெண்களுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் ஒரு நிதியை ஒழுங்காக நடத்த விரும்பும் குழுவினருக்காக இது எழுதப்படுகிறது.

எந்த வரிசையில் உதவுவது என்பதற்கு 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. கணவனை இழந்த ஒரு பெண் எலிசாவிடம் வந்து, கடன் கொடுத்தவன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்று முறையிடுகிறார். தீர்க்கதரிசி அவருக்குப் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இருந்த எண்ணெய் பெருகிய பிறகு, அதை விற்றுக் கடனைத் தீர்க்கவும், மீதியைக் கொண்டு பிழைக்கவும் சொல்கிறார். உள்ளது என்ன என்று பார்ப்பது, கடனை அடைப்பது, அதன் பின் பிழைப்புக்கு வழி செய்வது என்ற இந்த ஒழுங்கையே கீழே உள்ள படிகளும் பின்பற்றுகின்றன. சபைப் பணம் இதில் பிந்தித்தான் வரும். முந்தி வர வேண்டியது குழுவினரின் நேரமும், அவர்கள் நிரப்பித் தரும் விண்ணப்பப் பாரங்களும்தான்.

முதல் படி: குழுவை அமைத்துப் பெயர்ப் பதிவேடு தொடங்குதல்

ஆதிச்சபையின் முதல் நிர்வாகச் சிக்கலே இதுதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகவே நற்சாட்சி பெற்ற ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். விதவைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவதைப் பற்றி 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் பேசுகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால் முதலில் அவர்களே தாங்க வேண்டும் என்றும், சபையின் சுமை உண்மையாகவே துணையற்றவர்களுக்கு உரியது என்றும் அது வரையறுக்கிறது. ஏறத்தாழ கி.பி. 251இல் ரோமாபுரிச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்து வந்ததாக அப்போதைய ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. பதிவேடு இல்லாமல் அத்தனை பேரைப் பராமரித்திருக்க முடியாது.

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். அரசு அலுவலகங்களில் மலாய் மொழியில் தயக்கமின்றிப் பேசவும் எழுதவும் தெரிந்த ஓர் இளைஞரும் தேவை. போதகரோ பங்குத் தந்தையோ ஆலோசகராக இருப்பது நல்லது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை அவர் தனியாக முடிவு செய்யும் நிலை, அவருக்கும் நல்லதல்ல, சபைக்கும் நல்லதல்ல.

வீட்டுச் சந்திப்பு முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, இருவர் இருவராக வீடு தேடிச் செல்லும் பழக்கத்தை இன்றும் காத்து வருகிறது. மலேசியக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் அது இயங்குகிறது. எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும் அவர்களோடு சில மாதங்கள் சேர்ந்து சென்று பார்த்தால், பயிற்சிப் பட்டறைகள் தராத பல பாடங்களைக் கற்கலாம்.

இரண்டாம் படி: முதல் சந்திப்பு

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, எட்டாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் போவது நல்லது. இருவர் போகட்டும்; அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பாரங்களை முதல் நாளே மேசையில் விரிக்க வேண்டாம். அவர் பேசட்டும். கேட்க வேண்டியவை சிலவே: வாடகை வீடா சொந்த வீடா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், யாராவது பணம் கேட்டு வந்தார்களா, எந்தத் தாளிலாவது கையெழுத்து வாங்கினார்களா.

கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். துக்க வீட்டிலேயே, ‘சும்மா ஒரு கையெழுத்துப் போடு’ என்று கணவர் வழி உறவினர் நீட்டும் தாள், வீட்டின் மீதோ வாகனத்தின் மீதோ உள்ள உரிமையை விட்டுக் கொடுக்கும் தாளாக இருக்கக்கூடும். வழக்கறிஞர் ஒருவர் பார்க்கும் வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதே அந்த முதல் சந்திப்பின் பெரும் பயனாக அமையலாம். கோலாலம்பூரில் அரசின் சட்ட உதவி இலாகாவும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் வசதியற்றவர்களுக்கு ஆலோசனை தருகின்றன.

மூன்றாம் படி: உரியதைப் பெற்றுத் தருதல்

குழுவின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும். ஆண்டு முழுவதும் சபை கொடுக்கும் தொகையைவிட, ஒழுங்காகப் பின்தொடர்ந்த ஒரு விண்ணப்பம் பெற்றுத் தரும் தொகை பெரிதாக இருப்பது அரிதல்ல.

முதலில் பத்திரங்களை ஒரே கோப்பில் சேர்க்கவும்: இறப்புப் பத்திரமும் அதன் நகல்களும், திருமணப் பத்திரம், மனைவி மக்களின் அடையாளக் கார்டுகளும் பிறப்புப் பத்திரங்களும், இறந்தவரின் கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம், காப்புறுதித் தாள்கள். திருமணப் பதிவு இல்லையென்றால் சிக்கல் இங்கேயே தலைகாட்டும். 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் அதன்படி பதிவு செய்யப்பட வேண்டும். தாலி கட்டியதும் சபையார் முன் ஜெபித்ததும் மட்டும் சான்றாக இருந்தால், மனைவி என்று நிரூபிப்பதே ஒரு போராட்டமாகிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளைகளின் குடியுரிமையும் தாயின் குடியுரிமையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படும். பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டுத் தேசியப் பதிவு இலாகா வேலையைத் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கதவுகளும் அந்த ஒரு தாளில்தான் திறக்கின்றன.

அடுத்து, ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, நம் மக்கள் சொல்லும் பெயரில் சொக்சோ. 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு வகை உதவிகள் இருப்பதைக் குழுவில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலை சார்ந்த விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் ‘சார்ந்தோர் உதவி’ உண்டு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் வேலையிடத்திலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்த எத்தனையோ தகப்பன்மாரின் குடும்பங்களுக்கு இது தெரியாது. வேலைக்குத் தொடர்பில்லாத நோயாலோ வேறு காரணத்தாலோ 60 வயதுக்கு முன் இறந்திருந்தால், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருக்கும் பட்சத்தில், ‘வாரிசு ஓய்வூதியம்’ கிடைக்கும். இரண்டிலும் தொகையின் ஐந்தில் மூன்று பங்கு கைம்பெண்ணுக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் செல்லும். முதலாளி சந்தா கட்டவில்லை என்று தெரிந்தவுடன் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறார்கள். ஊழியரைப் பதிவு செய்யத் தவறியது முதலாளியின் குற்றம். பெர்கேசோ அதிகாரியிடம் புகாராகவே அதைக் கொடுக்க வேண்டும். உணவு விநியோகம் செய்தவர், டாக்சி அல்லது இ-ஹெய்லிங் ஓட்டியவர் என்றால், சுயதொழில் புரிவோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிந்திருந்தாரா என்று பாருங்கள்.

ஊழியர் சேமநிதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 60 வயதுக்குள் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 2,500 ரிங்கிட் இறப்பு உதவி உண்டு. அதை இறந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் கேட்க வேண்டும். இரண்டாவது, பெயர் நியமனம். முஸ்லிம் அல்லாதோரைப் பொறுத்தவரை, நியமிக்கப்பட்டவரே அந்தச் சேமிப்புக்கு உரியவர். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றாமல் விட்டவரின் பணம், மனைவி மக்கள் இருந்தாலும் தாய்க்கே போகும். முன்பு எழுதிய உயில் திருமணத்தால் செல்லாமற்போகும். சேமநிதி நியமனம் அப்படித் தானாக நீங்குவதில்லை. திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் சொல்லும் பல அறிவுரைகளோடு, நியமனத்தைப் புதுப்பித்த தாளைக் காட்டச் சொன்னால் எத்தனையோ குடும்பச் சண்டைகள் பிறக்கவே பிறக்கா.

தோட்டப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்த குடும்பம் என்றால், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குகளைப் பற்றி மறவாமல் கேளுங்கள். துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் உருவான அச்சங்கத்தில் பெற்றோரோ மாமனாரோ பங்கு வாங்கி, புத்தகத்தைப் பெட்டியடியில் போட்டு வைத்திருப்பார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி, காப்புறுதிப் பணத்தைத் தேசியத் தலைமைக் கணக்காளர் துறையின் இ-குமிஸ் தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேடலாம். வீட்டுக் கடன் இருந்தால், அதோடு இணைந்த காப்புறுதி எடுக்கப்பட்டிருந்ததா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இருந்திருந்தால் மீதிக் கடனையோ அதில் ஒரு பகுதியையோ அதுவே தீர்க்கும்.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு நான்கில் ஒன்று, மனைவிக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. இந்தக் கணக்கை மாமியார் வீட்டாரிடம் அமைதியாக எடுத்துச் சொல்வதற்குப் போதகர் பொருத்தமானவர். வீடோ நிலமோ இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்யலாம். அசையும் சொத்து மட்டும் இருந்து, அது 6 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயா மூலம் சுருக்கமாக முடிக்க வழியுண்டு.

மாநகராட்சியின் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் மாதம் 124 ரிங்கிட் வாடகையில் குடியிருக்கும் குடும்பமானால், குடியிருப்பு ஒப்பந்தத்தை மனைவி பெயருக்கு மாற்ற உடனே விண்ணப்பிக்க வேண்டும். கோலாலம்பூரில் அந்த வாடகைக்கு இன்னொரு கூரை கிடைக்காது. சமூகநல இலாகாவின் பிள்ளைகள் உதவிக்கும் மற்ற ரொக்க உதவிகளுக்கும் இதே கோப்பு பயன்படும்.

நான்காம் படி: கடன்

கணவர் வாங்கிய கடனுக்கு, உத்தரவாதக் கையெழுத்து இட்டிருந்தாலொழிய, மனைவி தம் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பேற்க வேண்டியதில்லை; இறந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே அது தீர வேண்டும். வங்கிக் கடன் பின்னிக் கிடந்தால், கடன் ஆலோசனைக்கான ஏகேபிகே நிறுவனம் இலவசமாக உதவுகிறது.

வட்டி முதலைகள் வேறு வகை. 1951ஆம் ஆண்டுக் கடன் வழங்குவோர் சட்டம் உரிமமில்லாதவர் கடன் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. உரிமம் உள்ளவருக்கும் அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானமற்ற கடனுக்கு 18 விழுக்காடு என்ற வட்டி வரம்பு உண்டு. ஆகவே குழு செய்யக்கூடாதது ஒன்று உண்டு: இரக்கத்தில் சபைப் பணத்தை எடுத்து அவர்களிடம் கட்டுவது. ஒரு வீட்டுக்குச் சபை கட்டுகிறது என்ற செய்தி பரவினால், அடுத்த வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் விழும். போலீஸ் புகார், வீட்டைத் தற்காலிகமாக மாற்றுதல், தொலைபேசி எண் மாற்றம் என்பனவே முதல் நடவடிக்கைகள். அவருடைய ஏடிஎம் அட்டை வேறு யாரிடமாவது ஈடாகக் கிடக்கிறதா என்று நாசூக்காகக் கேளுங்கள். அப்படியானால் அந்த அட்டையை ரத்து செய்யாமல் எந்த உதவித் தொகையையும் அந்தக் கணக்கில் போடக் கூடாது.

ஐந்தாம் படி: மாத உதவி

இப்போதுதான் சபைப் பணம். குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு மாதத்தின் வரவு செலவை எழுதி, வரவு வந்து சேரும் வரை எவ்வளவு துண்டு விழுகிறது என்று கணக்கிடுங்கள். துண்டு விழும் தொகையே உதவித் தொகை. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது பார்க்க நியாயமாகத் தோன்றும், ஆனால் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் நான்கு பிள்ளை உள்ள வீட்டுக்கும் அது நியாயமாகாது. ஆறு மாதத்துக்கு என்று எழுத்தில் சொல்லுங்கள்; ஐந்தாம் மாதம் மறுபடியும் உட்கார்ந்து பாருங்கள்.

பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் மாதத்தின் குறிப்பிட்ட நாளில் செலுத்துவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். அரிசி மூட்டை, எண்ணெய்ப் புட்டி, மாவுப் பொட்டலம் என்று பொருளாகக் கொடுப்பவர்கள், ஏழைப் பெண்ணுக்குச் செலவு செய்யத் தெரியாது என்று தம்மை அறியாமலே நினைத்துவிடுகிறார்கள். அந்த அரிசி மூட்டையோடு அவரையும் பிள்ளைகளையும் நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் ஏற்றுவதைப் பற்றி என்ன சொல்ல! இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6இல் படித்துவிட்டு, வாட்ஸ்அப் குழு முழுவதும் அறியச் செய்கிறோம். அந்தப் பிள்ளை நாளை ஞாயிறு பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். படம் வேண்டாம் என்பதைக் குழுவின் விதியாகவே எழுதி வையுங்கள்.

வேலைக்குப் போக அவர் தயாரானதும் தேவைப்படுவது பெரும்பாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்தான். பள்ளி முடிந்து மாலை வரை சபைக் கூடத்தில் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் முன்வந்தால், ஒரு தாய்க்கு முழுநேர வேலை சாத்தியமாகும். சிறுதொழிலுக்கு, அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனின் இந்தியத் தொழில்முனைவோர் திட்டமான ஸ்புமி கடன் இருக்கிறது. ஆயினும் கணவர் இறந்த முதல் ஆண்டில் எந்தப் புதுக் கடனுக்கும் யாரையும் தூண்ட வேண்டாம்.

ஆறாம் படி: பிள்ளைகள்

தாய் உயிரோடு இருக்கும்போது, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பது கூடாது. 1852இல் பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்டைத் தொடங்கிய குழந்தை இயேசு கன்னியர் அநாதைப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட காலத்தில் வேறு வழி அரிதாக இருந்தது. இன்று, இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவைத் தாயிடமே கொடுத்தால் பிள்ளை அவர் மடியிலேயே வளரலாம்.

பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டம், வறிய மாணவர் அறநிதி ஆகியவற்றில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். தந்தை இறந்ததைப் பள்ளிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சீருடைக்கும் பயிற்சிப் புத்தகத்துக்கும் கண்டிப்பு காட்டும் ஆசிரியர், விஷயம் தெரிந்தவுடன் வேறு மாதிரி நடந்துகொள்வார்.

இரு பெற்றோரும் இல்லாத பிள்ளைக்கு முதலில் தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று உறவை நாட வேண்டும். வளர்க்க முன்வரும் உறவினரின் பொறுப்பு வாய்ப்பேச்சில் நிற்கக்கூடாது. 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்றால்தான் வங்கியிலும் மருத்துவமனையிலும் அவர் கையெழுத்துச் செல்லும். உறவல்லாத சபைக் குடும்பம் ஏற்பதானால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்காமல் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. இல்லம்தான் வழி என்றால், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவான இல்லமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சிலுவைக் குறியும் நல்ல பெயர்ப்பலகையும் பதிவுக்கு ஈடாகா. சகோதர சகோதரிகளைப் பிரிக்காத இல்லத்தையே தேடுங்கள்.

குழுவினர் எவரும் எந்தப் பிள்ளையையும் தனியே வாகனத்தில் ஏற்றிச் செல்லவோ, தனியறையில் சந்திக்கவோ கூடாது. போதகருக்கும் இந்த விதி பொருந்தும். துன்புறுத்தல் சந்தேகம் எழுந்தால் சபைக்குள் பேசி முடிக்க முயலாமல் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: நிதியும் சட்டமும்

நிதி சபையின் பொதுக் கணக்கிலிருந்து பிரிந்த தனிக் கணக்காகவும், இருவர் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். சபைக்கு வெளியே தனிச் சங்கமாக நடத்த விரும்பினால், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேரோடு பதிவு செய்து, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் கிடைக்கும் வரை, நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று அறிவிப்பில் போடாதீர்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை. சபையாருக்குக் கணக்கு வாசிக்கும்போது தொகைகளைச் சொல்லலாம். பெயர்களைச் சொல்லக் கூடாது.

பக்கத்து வீட்டு இந்துக் கைம்பெண்ணுக்கும் இந்த நிதி திறந்திருக்க வேண்டும். ஆராதனைக்கு வருவதை அதற்கு விலையாகக் கேட்கக் கூடாது. முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தவரை, அவர்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த அரசமைப்பின் 11(4) விதி மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசத்துக்கான சட்டங்களுக்கும் இடம் தருகிறது. ஆகவே சமூகநல இலாகாவுக்கும் ஸக்காத் பிரிவுக்கும் வழிகாட்டி விடுவதே இருதரப்புக்கும் பாதுகாப்பு.

எட்டாம் படி: கோப்பை எப்போது மூடுவது

மாத உதவி நின்றாலும் கோப்பை மூடிவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெர்கேசோ பிள்ளைகளுக்குத் தரும் பங்கு 21 வயதிலோ திருமணத்திலோ நின்றுவிடும். உயர்கல்வி பயிலும் பிள்ளைக்கு முதல் பட்டம் முடியும் வரை அது தொடரும். ஆனால் படிக்கிறார் என்ற கடிதத்தைக் குடும்பம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உழைத்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வேறு விதி உண்டு என்பதால் மருத்துவச் சான்றையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 வயதில் மைகார்டு எனும் அடையாளக் கார்டு, 18இல் அதன் மாற்றம், 20ஆம் பிறந்தநாளில் கல்லூரிக் கடிதம் பற்றிய நினைவூட்டல் ஆகிய மூன்று தேதிகளையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி, குழு மாறும்போது அடுத்த செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.